முப்பத்தொரு நாள் திறக்காத மூடி

கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் முழுசாக விழவில்லை. ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்திருந்தேன். இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தேன். கதவுக்கு மேலே அரை அடி இடைவெளி. மூக்கை உறிஞ்சினால்கூட கிளினிக் வராந்தா முழுக்கக் கேட்கும்.

"உள்ள குடித்தனமே வந்துட்டியா? இங்க மூணு பேர் காலை மாத்தி மாத்தி நின்னுட்டிருக்காங்க." கம்பவுண்டரின் குரல்.

"திறக்க மாட்டேன்."

"அதையேதான் உன் டப்பா மூடியும் சொல்லுது. முப்பத்தொரு நாள் திறக்கலையாம்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." இது இன்னொரு குரல். உயராத குரல். "வெளிய வாம்மா. திட்டக் கூப்பிடல. மேசை மேல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. அது நீயான்னு எனக்கு இன்னும் தெரியல. நீ உள்ளயே நின்னுட்டா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கதவை விட்டேன். அது தானாகவே திறந்துகொண்டது.

"நான் ஒரு நாள்கூட விடலக்கா. சத்தியமா."

"சத்தியம் பண்றவங்க தினம் நாப்பது பேர் வர்றாங்க," என்றார் கம்பவுண்டர். "அதையெல்லாம் மாத்திரையா உருட்டினா ஊருக்கே குடுக்கலாம்."

அவருக்கு எதையும் கிண்டல் பண்ணாமல் இருக்க முடியாது. மருந்து ஜன்னலுக்குப் பின்னால் பதினைந்து வருஷமாக நிற்கிறவர். அந்தக் குரல் உயராத அக்கா இங்கே ஆலோசகர். எல்லோரும் அவரைத் துருவியக்கா என்பார்கள், அவர் காதில் விழும்படியாகவே. தேங்காயைத் துருவுகிற மாதிரி, ஓடு தெரிகிற வரைக்கும் விட மாட்டார். அவருக்கும் அந்தப் பெயரில் வருத்தமில்லை.

எனக்குப் பதினேழு வயது. பிறக்கும்போதே எனக்கு எச்.ஐ.வி. இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது, அப்பாவுக்கும் இருக்கிறது. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பாவும் நானும் ஒரே மாத்திரையைத் தினமும் ஒன்று போடுகிறோம். அதை ஒழுங்காகப் போட்டால் மற்றவர்கள் மாதிரியே எண்பது வயது வரைக்கும் இருக்கலாம். இது எனக்கு மனப்பாடம்.

நான் அழுததற்குக் காரணம் வேறு. பத்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஊரில் பல்செட் செய்யும் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மெழுகில் பல் செதுக்கி, அச்சு எடுத்து, மெருகேற்றும் வேலை. மொத்தமே இருபது இடம். இன்னும் பத்து நாளில் விடுதி திறக்கிறது. அந்த ஊர்க் கிளினிக்கில் எனக்கு மாத்திரை தர வேண்டுமென்றால் இங்கிருந்து ஒரு கடிதம் போக வேண்டும்: இந்தப் பெண் மருந்தை ஒழுங்காகப் போடுகிறவள் என்று. ஒழுங்கில்லாதவர்களை மூன்று மாதம் இங்கேயே வைத்துக் கவனிப்பார்கள். மூன்று மாதத்தில் என் இடத்தில் வேறு யாராவது பல் செதுக்கிக்கொண்டிருப்பார்கள்.

துருவியக்காவின் அறையில் ஒரு இரும்பு மேசை, எடை பார்க்கும் மிஷின், மாத்திரை எண்ணும் நீலத் தட்டு. தட்டின் மேல் எங்கள் வீட்டு டப்பாக்கள் இரண்டும் மொட்டைத் தலையோடு நின்றன. அப்பாவுக்கு வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம். அவர் பஸ் டிரைவர். அவர் ஓட்டும் வண்டியே கிளினிக் வாசலில் நின்று போகிறது. ரத்தம் கொடுக்க மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார். மற்றபடி கையெழுத்துப் போட்டு இரண்டு பேர் அட்டையையும் என்னிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்.

டப்பாக்களின் மூடிகள் தனியாகக் கிடந்தன. அந்த மூடிகளுக்குக் கம்பவுண்டர் வைத்த பெயர் கோள்சொல்லி. உள்ளே ஒரு சின்ன சிப் இருக்கும். எப்போது திறந்தாலும் எப்போது மூடினாலும் தேதியும் நேரமும் அதில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படிக்கிற குட்டி மிஷினில் வைத்தால் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும்.

துருவியக்கா மூன்று விரலை நீட்டினார்.

"மூணு சாட்சி. மீதி மாத்திரை எத்தனை, மூடி என்ன சொல்லுது, ரத்தம் என்ன சொல்லுது. உன் டப்பாவுல ரெண்டு மாத்திரைதான் மீதி, அது சரி. ரத்தம் சுத்தம், தேடினாலும் வைரஸ் கிடைக்கல. மூடி மட்டும் எண்பத்தெட்டு நாள்ல முப்பத்தொரு நாள் திறக்கவே இல்லங்குது."

"அப்பாவோடது?"

"அவரோடதுலயும் ரெண்டு மீதி. மூடி நூத்துக்கு நூறு. ரத்தம் மட்டும் மோசம். வைரஸ் ஏறியிருக்கு. மருந்து வேலை செய்யல, மாத்தணும்னு டாக்டர் எழுதிட்டாரு."

"மாத்தினா நல்லதுதானே?"

"காலைல மூணு, நைட்டு மூணு," என்றார் கம்பவுண்டர். "ஒவ்வொண்ணும் அவரைக்கா சைஸ். வயித்தைக் கலக்கும். பரவாயில்ல, போட்டுக்கலாம். ஆனா அதுவும் பலிக்கலன்னா அதுக்கப்புறம் என் அலமாரில பெருசா ஒண்ணும் கிடையாது."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் துருவியக்கா. "ராத்திரி ஒம்போது மணிக்கு உங்க வீட்ல என்ன நடக்கும்? ஒண்ணு விடாம சொல்லு."

"சாப்பிட்டு முடிச்சதும் அப்பா ரெண்டு டம்ளர்ல தண்ணி வெப்பாரு. நான் அலமாரியிலேர்ந்து ரெண்டு டப்பாவையும் எடுத்துட்டு வருவேன். அவரோடத அவரு திறப்பாரு, என்னோடத நான். டம்ளரை இடிச்சுக்கிட்டு சியர்ஸ் சொல்லி முழுங்குவோம்."

"நல்ல குடிகாரக் குடும்பம்," என்றார் கம்பவுண்டர்.

"தினமுமா?"

"நான் வீட்ல இருந்தா தினமும். பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சுக்கா. அவங்க மருமகளுக்கு நைட் ஷிப்ட் விழற அன்னிக்கு நான் போய்த் துணைக்குப் படுத்துக்குவேன். என் டப்பாவும் என்கூட வரும்."

"அன்னிக்கு அப்பா?"

"தனியா சமாளிச்சுக்குவாரு. நான் காலைல வந்து பார்த்தா தொட்டியில ஒரு பாத்திரம் இருக்காது. ஈரம்கூட இருக்காது. அவ்வளவு சுத்தம்."

"அந்த மனுஷனை எங்க வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வை. எங்க தொட்டியில போன மாசத்துச் சட்டியெல்லாம் இருக்கு."

துருவியக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் தாளை எடுத்து மேசையில் விரித்தார். அதில் வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. ஒன்பது மணிக் கோட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி நேராகப் போயின.

"இதுல ஒரு வேடிக்கை. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு புள்ளி. ராத்திரி ஒம்போதுக்கு ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. பன்னெண்டு ஞாயிறும்."

"லீவு நாள் போனஸ்," என்றார் கம்பவுண்டர்.

"மாத்திரை கூடுதலா குறையலையே. நாலு மணிக்குத் திறந்தவங்க எதையும் எடுக்கல. திறந்து, சும்மா மூடியிருக்காங்க. ஏம்மா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அப்பா எங்க இருப்பாரு?"

"பஸ்ஸுல. ஞாயிறு மட்டும் மதியம் ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் ட்யூட்டி."

"அப்போ வண்டிய நடு ரோட்டுல ஓரங்கட்டி, எல்லாரும் கொஞ்சம் இருங்கன்னுட்டு, வீட்டுக்கு ஓடி வந்து டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துட்டுப் போயிருக்காரு."

துருவியக்கா கம்பவுண்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். என் கை தானாகப் பைக்குள் போயிருந்தது.

"பைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. பஞ்சு."

"எதுக்கு?"

சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. "டப்பாவுல வெக்கறதுக்கு. ஸ்கூல்ல ஒரு தடவை பையைக் கீழ போட்டேன், டப்பா கலகலன்னு சத்தம் போட்டுச்சு. என்னடி, கிலுகிலுப்பை வெச்சிருக்கியான்னு கேட்டாங்க. அதுலேர்ந்து மேல பஞ்சு அடைச்சுடுவேன். பெரியம்மா வீட்லயும் தெரியக் கூடாது. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டுத்தான் போடுவேன். பஞ்சுல மாத்திரைத் தூள் ஒட்டிக்கும். அதனால வாரத்துக்கு ஒரு தடவை மாத்துவேன்."

"எந்தக் கிழமை?"

"ஞாயிறு." கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். "சாயங்காலம்."

"அப்பா டப்பாவுல பஞ்சு வெப்பியா?"

"இல்லக்கா. அது அலமாரியை விட்டு எங்கயும் போகாது."

துருவியக்கா கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டு மூடியில எது எந்த டப்பாவுலேர்ந்து கழட்டினது?"

"ரெண்டையும் கழட்டித் தட்டுல போட்டேன். ஒவ்வொண்ணா மிஷின்ல வெச்சேன். மிஷினே பேரைச் சொல்லிடுதே."

"மிஷின் மூடியோட பேரைச் சொல்லும். அது எந்தத் தலையில உக்காந்திருந்துச்சுன்னு சொல்லுமா?"

கம்பவுண்டர் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

துருவியக்கா ஒரு மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். தன் அடையாள அட்டையைக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மூடியின் உட்புறத்தில் மரை சுற்றி வரும் பள்ளத்தில் மெதுவாக ஓட்டினார். ஊக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு இழை வந்தது. முடியைவிட மெல்லிசு. அவர் மூச்சு விட்டதற்கே ஆடியது.

"இதை மிஷின்ல வைங்க."

மிஷின் ஒரு தடவை கத்தியது. திரையில் அப்பாவின் எண் வந்தது.

"உங்க அப்பா பேர்ல இருக்கிற மூடி," என்றார் துருவியக்கா. "உன் பஞ்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. எண்பத்தெட்டு நாளுக்கு முன்னால். சமையலறை மேசையில் புது மாத்திரைகளைத் தொண்ணூறு தொண்ணூறாக இரண்டு டப்பாவிலும் கொட்டினேன். மூடிகள் இரண்டும் பக்கத்தில் கிடந்தன. அப்பா தன் சாக்ஸ் எங்கே என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கொடியில் இருக்கு, கொடியில் இருக்கு என்று கத்திக்கொண்டே திருகி மூடினேன். அன்றிலிருந்து நான் விழுங்கியதெல்லாம் அப்பா பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது.

"என் டப்பாவுல சிவப்புப் பொட்டு இருக்குமே," என்றேன். "மாறக் கூடாதுன்னு நீங்கதானே நெயில் பாலிஷ்ல வெச்சீங்க?"

கம்பவுண்டர் என் டப்பாவின் வயிற்றில் இருந்த பொட்டைப் பார்த்தார். பிறகு மொட்டையாக இருந்த மூடியைப் பார்த்தார்.

"டப்பாவுல வெச்சேன்," என்றார் மெதுவாக. "பேசுறது மூடி. பொட்டு வெச்சது டப்பாவுக்கு."

"எத்தனை வீட்டு டப்பாவுல இப்படி வெச்சிருக்கீங்க?"

"ஒரே வீட்ல ரெண்டு பேர் இருக்கிற எல்லாருக்கும்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினேழு வீடு."

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. சிரிப்புதான் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. எண்பத்தெட்டு நாளும் போட்டிருக்கிறேன், அதற்கு எண்பத்தெட்டுப் புள்ளிகள் இருக்கின்றன, வேறொருவர் பெயரில். "அப்போ கடிதம் தருவீங்கல்ல? இன்னிக்கே தருவீங்கல்ல?"

"பல்செட் டாக்டரம்மாவுக்குக் கடிதம் இல்லாமலா?" கம்பவுண்டர் எழுந்துவிட்டார். "டைப் அடிச்சுட்டு வர்றேன். எனக்குப் பல் கொட்டுற வயசுல ஞாபகம் வெச்சுக்க."

அவர் கதவுவரை போய்விட்டார். துருவியக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் பெயர் போட்ட தாளைக் கையில் வைத்திருந்தார். புள்ளிகளுக்கு நடுவே நடுவே ஓட்டை விழுந்த தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னுடையது இல்லையென்றால் அந்தத் தாள் யாருடையது?

"இன்னிக்கு விடிகாலைல ஒரு புள்ளி இருக்கு," என்றார் துருவியக்கா. "நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்குத் திறந்து, நாலு பத்துக்கு மூடியிருக்கு. அந்த நேரத்துல உங்க வீட்ல யார் முழிச்சிருப்பா?"

"அப்பா. முதல் பஸ் அஞ்சு மணிக்கு."

"நீ?"

"தூங்கிட்டிருப்பேன்."

"ஒரு மாத்திரை எடுக்க அஞ்சு நிமிஷமா?"

அதற்குக் கம்பவுண்டர்தான் பதில் சொன்னார், கதவைப் பிடித்துக்கொண்டே. "எண்ணுறவனுக்கு ஆகும். நான் தினம் எண்ணுறவன்." அவர் குரலில் விளையாட்டே இல்லை. "அவர் டப்பாவுல முப்பத்தி மூணு இருந்திருக்கணும். நான் எண்ணினப்போ ரெண்டு. இன்னிக்கு நீ எடுத்துட்டு வருவேன்னு தெரியும். முப்பத்தொண்ண எண்ணி எடுத்துட்டாரு."

அப்பா விளக்கைப் போட்டிருக்க மாட்டார், என்னை எழுப்பிவிடும் என்று. இருட்டில், உள்ளங்கையில், ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார்.

"தலை சுத்தலா இருக்கும்," என்றார் கம்பவுண்டர் என்னைப் பார்த்து. "சில பேருக்கு இந்த மாத்திரை போட்டா காலைல தலை கிறுகிறுன்னு இருக்கும். விடிகாலை வண்டி எடுக்கிற ஆளு. பயணிங்க உசுரு கையில. அதான் ராத்திரி விட்டிருப்பாரு. இதுல என்ன இருக்கு, நேரத்தை மாத்திக்கலாம்."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

"அவருக்கு வார லீவு என்னிக்கு?" என்றார் துருவியக்கா.

"செவ்வாய்."

"அப்போ திங்க ராத்திரி தைரியமா போட்டுக்கலாம். மறுநாள் வண்டி கிடையாது. ஆனா நாலு திங்க ராத்திரி விட்டிருக்காரு. வண்டி இருக்கிற எத்தனையோ நாள் ஒழுங்கா போட்டிருக்காரு. காரணம் பஸ் இல்ல." தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இந்தத் தேதிகளைப் பாரு. எனக்கு இது ஒண்ணும் சொல்லல. உனக்கு ஏதாவது சொல்லுதா?"

பார்த்தேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓட்டை. பிறகு ஒரு வாரம் ஒழுங்கு. பிறகு இரண்டு நாள் ஓட்டை. கிழமைக் கணக்கும் இல்லை, மாதக் கணக்கும் இல்லை. ஆனால் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

மேசைக்குக் கீழே போனை எடுத்தேன். பேசிய அழைப்புகளின் பட்டியலில் அப்பாவின் பெயரைத் தேடினேன். வீட்டில் இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு நான் ஏன் போன் செய்யப் போகிறேன்? பெரியம்மா வீட்டில் இருக்கும்போதுதான் செய்வேன்.

தாளில் முதல் ஓட்டை ஏழாம் தேதி. போனில் ஏழாம் தேதி, ஒன்பது மணி இரண்டு நிமிடம். அடுத்தது எட்டு. போனில் எட்டு. அடுத்தது ஒன்பது. போனில் ஒன்பது. பிறகு பதினேழு, பதினெட்டு. அதற்குப் பிறகு நான் தாளைப் பார்க்கவில்லை. போனில் இருந்ததை மட்டும் எண்ணினேன்.

முப்பத்தொன்று.

பெரியம்மா வீட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாத்திரையைக் கையில் எடுப்பேன். "போட்டியா குட்டிம்மா?" என்பார். "போடறேன்ப்பா. நீங்க?" என்பேன். "இதோ." மடக்கென்று அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். "போட்டாச்சு," என்பார். நாங்கள் சேர்ந்து போடுவதாகவே நினைத்திருந்தேன். அவர் அங்கே வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார்.

தொட்டியில் ஏன் ஈரமே இல்லை என்பதும் அப்போது புரிந்தது. சுத்தமெல்லாம் இல்லை. அந்த ராத்திரிகளில் அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை, யாரும் சாப்பிடவில்லை.

"என்னம்மா?" என்றார் துருவியக்கா.

போனைப் பைக்குள் போட்டேன். "ஒண்ணும் தெரியலக்கா."

அவர் என் பையைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த பஞ்சு இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா எப்படி இருக்காங்க இப்போ?" என்று கேட்டார், சம்பந்தமே இல்லாமல் கேட்கிற மாதிரி.

"நல்லா இருக்காங்க. கம்பு இல்லாம நடக்கறாங்க."

"நல்லது."

அதற்கு மேல் துருவவில்லை. துருவியக்கா பாதியில் நிறுத்தியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பவுண்டர் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்து, என் கையில் கொடுத்தார்.

"மருந்து மேல தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை வரைக்கும் மாத்த வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லி வெக்கிறேன். அப்பாகிட்ட நான் பேசணும். முதல்ல நீ பேசுறியா?"

"பேசறேன்," என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமலேதான் சொன்னேன்.

கம்பவுண்டர் புது மாத்திரைகளை எண்ணிக் கொட்டினார். இந்தத் தடவை மூடியிலும் சிவப்புப் பொட்டு வைத்து, வாயால் ஊதிக் காயவைத்தார். கிளம்பும்போது ஒரு முழுப் பஞ்சுச் சுருளை என் பைக்குள் திணித்தார். "விடுதியில நிறைய காதுங்க இருக்கும்," என்றார். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு இரும்புப் பெட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். டிப்போவில் யாரிடமோ கேட்டு வாங்கிய பழைய பெட்டி. பூட்டுப் போடும் இடத்தைச் சரிசெய்திருந்தார். சட்டையிலும் மூக்கிலும் நீலம்.

"விடுதியில எல்லாரும் ஒரே மாதிரி பெட்டி வெச்சிருப்பாங்க. உன்னோடது தூரத்திலேர்ந்தே தெரியணும்ல," என்றார்.

"கிணத்துக்குள்ள போட்டாலும் தெரியும்ப்பா."

"நீ போனதும் நான் ராஜா மாதிரி இருக்கப் போறேன். பாத்ரூம் கதவைத் தட்ட வேண்டாம். டி.வி. என் இஷ்டம்."

"சமையல்?"

"சமையலா, அமர்க்களப்படுத்திடுவேன்."

அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். ஒன்பது மணிக்கு இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தார். பொட்டு வைத்த டப்பாவும் பொட்டு இல்லாத டப்பாவும் மேசைக்கு வந்தன. டம்ளரை இடித்துக்கொண்டோம். அவர் மாத்திரையை நாக்கில் வைப்பதையும், தண்ணீர் உள்ளே போவதையும், தொண்டை ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். போலீஸ்காரி மாதிரி.

"என்ன அப்படிப் பார்க்கிற? லெட்டர் குடுத்தாங்களா?"

கடிதம் என் பையில் இருந்தது. "திங்கக்கிழமை வரச் சொன்னாங்க," என்றேன்.

"ஏன்? ஏதாவது குளறுபடியா?"

"மூடி மாறிப்போயிருந்துச்சுப்பா. மூணு மாசமா. உங்க மூடி என் டப்பாவுல, என் மூடி உங்க டப்பாவுல."

அவர் கை டம்ளரின் மேலேயே நின்றது. நீல விரல்கள். மாறினால் என்ன அர்த்தம் என்று அவர் யோசிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. கடைசிவரை யோசித்து முடித்துவிட்டார் என்பதும் தெரிந்தது.

அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். நான் கேட்பேன் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. குழாயை மூடிய பிறகும் அங்கேயே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"குட்டிம்மா."

"என்னப்பா?"

"அதனால நீ போறதுக்கு ஒண்ணும் தடங்கல் வராதே?"

"வராதுப்பா."

"அப்போ சரி," என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

இப்போது மணி பன்னிரண்டரை. பெயின்ட் வாசனை வீடு முழுக்க இருக்கிறது. அவர் அறையிலிருந்து குறட்டை வரவில்லை. அவரும் தூங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். எழுந்து போய்க் கதவைத் தட்டினால் போதும். ஆனால் தட்டிவிட்டு என்ன கேட்பது? ஏன்ப்பா போடல என்று கேட்டால் மறந்துட்டேன் என்பார். நான் போகல என்று சொன்னால் விடிகிறதுக்குள் அந்தப் பெட்டிக்கு இன்னொரு கோட்டிங் அடித்துவிடுவார்.

இன்னும் பத்து நாள். நான் போனால் அங்கே விடுதியிலும் ஏதாவது ஒரு பாத்ரூம் இருக்கும், அதில் ஒரு குழாய் இருக்கும். ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்வேன். போட்டீங்களா என்பேன். இதோ என்பார். மடக்கென்று சத்தம் கேட்கும். போட்டாச்சு என்பார். அதில் மாத்திரையும் சேர்ந்து போனதா, வெறும் தண்ணீர் மட்டும் போனதா என்று அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும்?